மூன்றரை மணி ஜீப்

மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள்:
கம்பம் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டில்
ஒரு ஆள் சராசரியாக ஆறு நாள் கிடப்பது ஏன்?
நான்கே முக்காலாகக் குறைக்க வழி சொல்லவும்.

முக்கால் நாள் படுத்தவரை
நான் பார்த்ததில்லை.
ஆனாலும் ஒரு நோட்டு வாங்கினேன்,
நாற்பது பக்கம், அட்டையில் மயில்.

கட்டில் கட்டிலாகப் போய் ஒரே கேள்வி:
இன்றைக்கு நீங்கள் எதற்காக இங்கே?

காய்ச்சலுக்கு, என்றது மூன்று.
காய்ச்சல் விட்டுருச்சு, ரத்த ரிசல்ட்டுக்கு, என்றது ஏழு.
ஒன்பதுக்கு ரிசல்ட் வந்தாயிற்று,
கையெழுத்து வரவில்லை.
பத்தில் இருந்தவர் பையைக் கட்டி
மடியில் வைத்துக்கொண்டிருந்தார்:
"நேத்தே எல்லாம் ஆச்சு சிஸ்டர். ஜீப்புதான்."

இங்கே பாதிப் பேர்
மலைக்கு மேலே ஏலத்தோட்ட லயங்களிலிருந்து வருகிறவர்கள்.
ரேஷன் கார்டு கீழே, கூலி மேலே.
கம்பம்மெட்டு ஏறும் கடைசி ஜீப்
மூன்றரைக்கு.
நாங்கள் ரத்தம் எடுப்பது ஒன்பதரைக்கு,
லேப்பில் ஹபீபுல்லா எழுதி முடிப்பது இரண்டுக்கு,
புறநோயாளிக் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு
டாக்டர் நிவேதன் மாடியேறுவது மூன்றேகாலுக்கு.
மாத்திரை ஜன்னலில் வரிசை நகர்வதற்குள்
ஜீப் மூன்றாவது வளைவில் இருக்கும்.

அப்புறம் ஒரு ராத்திரி.
நோய்க்குத் தேவைப்படாத ராத்திரி.
கொசுவுக்கு, பக்கத்துக் கட்டில் இருமலுக்கு,
வாசலில் துண்டு விரித்துப் படுக்கும் புருஷனின்
இரண்டு புரோட்டாவுக்கு.

கூட்டிப் பார்த்தேன்.
மார்கழியில் மட்டும் அறுபத்தோரு ராத்திரி
ஜீப்புக்காக.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.
ஐந்தரைக்கே ஊசி குத்துகிறோம், திட்டு வாங்குகிறோம்.
ஹபீபுல்லா சுபுஹு தொழுதுவிட்டு
ஸ்வெட்டரோடு நேராக லேப்புக்கு வருகிறார்.
டாக்டர் முதலில் போகிறவர்களைப் பார்க்கிறார்,
பிறகுதான் இருக்கிறவர்களை.
(இதற்கு அவர் சம்மதிக்கப் பதினோரு நாள்.
அதற்கு யாரும் சராசரி கேட்கவில்லை.)
ஜீப் ஓட்டும் சஜிமோனுக்குப் போன் போட்டு,
இன்று நாலு பேர், என்கிறேன்.
அவன் மலையாளத்தில் சிரிக்கிறான்,
தமிழில் காத்திருக்கிறான், பத்து நிமிஷம்.

தையில் எண்ணிக்கை இறங்கியது.
கடைசி வாரம், பதினாலாம் கட்டில், ஒச்சம்மா.
எலிக்காய்ச்சல். நாலாம் நாளே எல்லா அளவும் சரி.
சீட்டு தயார். மாத்திரை தயார்.
"தலை சுத்துது சிஸ்டர்."
பிரஷர் பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது.
இரண்டாம் தடவை பார்க்கும்போது
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:
"ஒத்தை ரூமு, ஏழு பேரு.
இன்னைக்குப் போனா நாளைக்குக் கூடை தூக்கணும்.
கட்டிலு, ஃபேனு, கேட்காமலே சோறு.
யாரும் என்னை எழுப்பாம இருந்தது இங்கதான்.
இப்ப அதையும் நீங்க அஞ்சரைக்கு..."

பாதியில் நிறுத்தினாள்.
என் கையில் டிஸ்சார்ஜ் சீட்டு,
மை இன்னும் காயவில்லை.

பத்து நாள் ஓய்வு என்று சிவப்பு மையில் சேர்த்தேன்.
தோட்டத்தில் அதை யார் படிப்பார்கள்
என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மயில் நோட்டில்
பதினாலுக்கு நேரே, 'எதற்காக' என்ற கட்டத்தில்
தூக்கம், என்று எழுதினேன்.
விடியலில் ட்ரேயோடு வந்த பயிற்சிப் பெண்ணிடம்
அந்தக் கட்டிலை விட்டுவிடு, என்றேன்.
லைட்டையும் போடாதே.

நான்கே முக்கால் கேட்டவர்களுக்கு
நான்கு புள்ளி எட்டு அனுப்பினேன்.

மூன்றேகாலுக்குப் போன்.
"சிஸ்டரே, இன்னைக்கு எத்தனை?"
வார்டின் கடைசியைப் பார்த்தேன்.
போர்வைக்கு வெளியே ஒரு பாதம் மட்டும்,
ஏலக்காய்ப் பச்சை ஏறிய நகங்கள்.

மூன்று, என்றேன்.
மூன்றுதான். நீ கிளம்பு.