மூன்று கிலோ

ஷல்வாவின் பெட்டியை
ஐந்தாம் மாடியிலிருந்து இறக்கினோம்.
எங்கள் லிஃப்டில் சவப்பெட்டி நுழையாது.
காசு போட்டால் மேலே போகும்,
அதுவும் அதற்கு மனமிருந்தால்.

ஆறு பேர். இடப்பக்கம் கடைசி நான்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்கித் தாண்ட வேண்டும்.
என் மூலை சரிந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கை என்னை ஒதுக்கியது,
வேறொரு தோள் உள்ளே வந்தது,
பெட்டி நிமிர்ந்தது.

எனக்கு ஷல்வாவின் புகைப்படத்தைக் கொடுத்தார்கள்.
கண்ணாடி, சட்டம், கறுப்பு நாடா எல்லாம் சேர்த்து
அரைக் கிலோ இருக்கும்.
அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டு
குதாயிசியின் மழையில் முன்னால் நடந்தேன்.

சொல்ல வெட்கம்தான்.
நாற்பத்தாறு வயதில்,
வரி அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற ஜும்பர்,
பை வார் தோளில் நிற்காமல் வழுக்கும் ஜும்பர்,
அடுத்த திங்கட்கிழமை
பழைய பட்டு ஆலையின் நிலவறைக்குப் போனேன்.

தெக்லேவுக்கு இருபத்திரண்டு.
முழங்கால் கிழியும்வரை பளு தூக்கியவள்.
சந்தையில் ஆடு பார்ப்பதுபோல்
என்னைச் சுற்றிவந்து பார்த்தாள்.
"காறை எலும்பு பிறவியில் வந்தது, நீளாது.
அதன் நுனியில் சதை வைக்கலாம்.
சதைக்கு அவசரம் தெரியாது."

கையில் மூன்று கிலோ வைத்தாள்.
மூன்று!
நான் வாங்கிப்போகும் உருளைக்கிழங்கே அதைவிட அதிகம்.
"பக்கவாட்டில் தூக்கு, தோள்மட்டம்வரை.
கழுத்தைச் சுருக்காதே.
ஒயின் கூஜா சாய்ப்பதுபோல், சுண்டுவிரல் மேலே."
உருளைக்கிழங்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்
ஒன்பதாவது முறை தெரிந்தது.
பன்னிரண்டாவதில்
தோளுக்குள் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

கோடை போனது. திராட்சை வந்து போனது.
மூன்று ஐந்தானது, ஐந்து மறுபடி மூன்றானது.
("ஏமாற்றித் தூக்குகிறாய். குறை.")
ஒரு நாள் பேருந்து நிறுத்தம்வரை
பை வார் வழுக்கவில்லை.
இன்னொரு நாள் சட்டையின் தையல் விட்டது.
நதேலா ஊசியை வாயில் கவ்விக்கொண்டு
நாடாவால் அளந்தாள்: நாற்பத்தாறு.
முன்பு நாற்பத்து மூன்று.
ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்:
"யார் சாகப்போகிறார்கள், ஜும்பர்?"

அதன்பிறகு படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம்
கண்ணால் நிறுக்கத் தொடங்கினேன்.
மூன்றாம் மாடி லாமாரா: ஐம்பது கிலோ, சர்க்கரை.
ஆறாம் மாடி குராம்: நூற்றுப் பத்து, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட்.
அவர் பாட்டுக்கு முற்றத்தில்
பகடையை ஊதி உருட்டிக்கொண்டிருந்தார்.
"அகன்றுவிட்டாயே!" என்று தோளைத் தட்டினார்.
திருட்டுப் பொருளைத் தொட்டுவிட்டதுபோல்
வேகமாக நடந்துவிட்டேன்.

பிப்ரவரியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார்.
இடுப்பு.
லிஃப்ட் காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.
ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இருவர்,
மருமகன் ஒருவன், நான்.
"காலை முன்னால் கொண்டுபோகாதீர்கள்,
இன்னும் சாகவில்லை!" என்று
நான்கு மாடிக்கும் கேட்கக் கத்தினார் குராம்.
கிடத்தியிருந்த ஸ்ட்ரெச்சரை அப்படியே திருப்பினோம்.

இரண்டாம் மாடி. திருப்பம். கம்பி.
மார்பிலிருந்து தோளுக்கு,
தோளிலிருந்து தலைக்கு மேலே.
என் மூலையில் எதுவும் நடக்கவில்லை.
அவ்வளவுதான்.
ஒன்றும் நடக்காததை யார் கவனிப்பார்கள்?

பத்தொன்பது நாள் கழித்து
அவரைத் திரும்ப மேலேற்ற வேண்டியிருந்தது.
இறந்தவருக்குத் தோள் கொடுக்க ஆறு பேர் வந்தார்கள்.
நாற்காலியில் உயிரோடு உட்கார்ந்து
புகைபிடித்துக்கொண்டே ஏறுகிறவருக்கு
மருமகனும் நானும் மட்டும்.
மாடிக்கு மாடி இறக்கிவைத்து மூச்சு வாங்கினோம்.
சாம்பல் என் காலரில் விழுந்தது.

அன்று மாலை நிலவறையில்
மூன்று கிலோ
ஆறாவதிலேயே நின்றுவிட்டது.
தெக்லே கையிலிருந்து வாங்கி வைத்தாள்.
"எங்கே செலவழித்தாய்?"