ஈறு

சாம்பல் கலந்த நீலம் என்கிறது விதிமுறை நூல்.
எந்தச் சாம்பல்?
ஆலிவ் விறகுடையதா, மழை புகுந்த அடுப்புடையதா?

எர்மீனியு எல்லைச் சாவடியில்
முப்பது வருடம் பிறர் பெட்டிகளைக் கிளறியவர்.
நகராட்சி மண்டபத்துக் கண்ணாடிக் கூண்டில்
நிற்கப்போகும் சிப்பாய்க்கு
இப்போது அவர்தான் சுங்கம்.
ஒரு நூலும் விசாரணையில்லாமல் உள்ளே போகாது.

நான் கார்னிவல் ஆட்டக்காரர்களுக்குத் தைப்பவள்.
என் தையல் மூன்று நாள் குதிக்குத் தாங்கினால் போதும்.
இவருக்கோ
பொத்தான் கொம்பா எலும்பா என்று தெரியாமல்
தூக்கம் வராது.

மேஜைமேல் பதினோரு புகைப்படங்கள்.
வானம், கப்பல், காலுறை, முகம்
எல்லாம் ஒரே பழுப்பு.
ஒன்றில், துறைமுகத்தில் மூன்று பேர்.
மூன்றாமவனின் கால்பட்டி மட்டும்
எதிர்ப்பக்கமாய்ச் சுற்றியிருக்கிறது.
இடக்கையன் என்றேன்.
ஒரு வாரம் யோசித்துக் குறிப்பேட்டில் எழுதினார்:
ஆதாரம் போதாது.

தலைக்கவசம் ஏலத்தில் கிடைத்தது,
பறங்கிக்காய் போல வரி வரியாய்.
தாடைவார் மட்டும் புதுசு, பளபளவென்று.
என் கொழுந்தன் அமாதேயு
அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு
ஒன்பது நாள் கவாத்து செய்தான்,
திராட்சைக் கொடிகளுக்கு.
வியர்வை தோலுக்கு வயது கூட்டித் தந்தது.

பிப்ரவரியில் மலை மேலிருந்து ஒரு சாக்கு வந்தது.
பிளாண்டர்ஸ் சேற்றிலிருந்து
நடந்தே வீடு சேர்ந்த ஒருவனின் மேற்சட்டை.
பெயர் அபீலியு என்றார்கள்.
ஊருக்கு வந்ததும் கழற்றி எறிந்தானாம்.
யாரோ வெட்டி, வைக்கோல் திணித்து,
கோவேறு கழுதையின் சேணத்துக்கடியில் வைத்துத் தைத்துவிட்டார்கள்.
மிஞ்சியது ஒரு கையும் பாதி முதுகும்.
நிறம் கழுதையின் நிறம்.

தையல் எப்படிப் போகிறதென்று பார்க்க
அக்குள் மடிப்பைப் பிரித்தேன்.
உள்ளே
விரல் அகலத்துக்கு
வெயில் ஒருநாளும் பார்க்காத நீலம்.

எர்மீனியு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
இதுதான் என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.
அன்றே ஒரு நூலிழை
தபால் உறையில் சாயப்பட்டறைக்குப் போனது.

அவர் போன பிறகு விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன்.
மடிப்பு நெடுகக் கருகல் புள்ளிகள்.
மெழுகுவர்த்திச் சுடரை
மெல்ல ஓட்டியிருக்கிறான்,
துணி பற்றாமல், பேன் மட்டும் வெடிக்க.
நல்ல கை. பழகிய கை.
இந்த ஒரு மூலைக்கு மட்டும் சுடர் எட்டவில்லை.
அங்கே, தையலின் ஈற்றில், ஈறு.
வரிசை வரிசையாய்,
என் தையலைவிட நெருக்கமாய்.
நூறு வருடமாய்
ஒரு பதினெட்டு வயது உடம்பின் சூட்டுக்குக் காத்திருக்கின்றன.

மறுநாள் சொன்னேன்.
பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கம்பளி, பொத்தான், வார், தகரக் குவளை,
நச்சுப்புகைப் பை, ஆட்டுத்தோல் அங்கி.
இதற்குத் தலைப்பு இல்லை என்றார்.
குடும்பங்கள் வரும், பேண்ட் வாத்தியம் வரும்,
பேனைப் பெருமாளாக்காதே, சுல்மீரா.

சரி என்றேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின இரவு
சாவி என்னிடம் இருந்தது.
பொம்மையின் சட்டையைக் கழற்றினேன்.
பட்டறை அனுப்பிய நீலம், எட்டு வாரத் தையல்,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
உட்புறத்தைத் திருப்பி மெழுகுவர்த்தி ஏற்றினேன்.
முதல் மடிப்பில் கை நடுங்கிப் பொசுங்கிற்று.
நாலாவதில் பிடிபட்டது அந்த வேகம்:
நின்றால் துணி எரியும்,
ஓடினால் பேன் பிழைக்கும்.
ஒரு மூலையை விட்டுவைத்தேன்.
பிறகு மாட்டி, பொத்தான் போட்டு,
கால்பட்டியை எதிர்ப்பக்கமாய்ச் சுற்றினேன்.

காலையில் எர்மீனியு கூண்டைச் சுற்றி வந்தார்.
நின்றார்.
கரிந்த கம்பளி வாசனை.
முப்பது வருடச் சுங்க மூக்கு.
சட்டையைப் பார்த்தார், காலைப் பார்த்தார்,
என் கட்டைவிரல் கொப்புளத்தைப் பார்த்தார்.

கண்ணாடிக் கதவைச் சாத்தி
இரண்டு தடவை பூட்டினார்.
குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.
நான் கேட்கவில்லை.
வாசலில் டிராம்போன்காரன்
எச்சிலை உதறிக்கொண்டிருந்தான்.