ஜாபெஸ் டர்லியின் மூன்று வேகன்கள்

பகலில் பல் செய்கிறேன்.
வெள்ளைக்குள் பதினாறு வெள்ளை உண்டென்று
பீங்கான் தூளில் கற்றவள்.
இரவு ஒன்பதுக்கு மேல்
அதே விளக்கு, அதே உருப்பெருக்கி,
வாயில்லாத வேலை:
ஏழு பலகை உயரக் கரி வேகன்,
எழுபத்தாறில் ஒரு பங்கு.

க்ளாஸ்டர் ஆவணக் காப்பகத்தில்
ஒரே ஒரு படம் இருக்கிறது, 1908.
பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் விறைத்து
கம்பெனி வாசலில் ஒரு புது வேகன்.
‘ஜாபெஸ் டர்லி, லிட்னி’ என்று வெள்ளை எழுத்து.
மூலையில் எண்: 501.

கணக்கேட்டைப் புரட்டினால்
டர்லியிடம் இருந்தவை மொத்தமே மூன்று.
501, 502, 503.
முதல் ஐந்நூறும் ஓடியது
பார்ப்பவர் மனசில் மட்டும்.
அந்த வீம்புக்காகவே
பிடித்துப்போயிற்று எனக்கு அவரை.

ஆனால் நிறம்?
படத்தில் பலகைகள் கறுப்பு.
கறுப்பேதான் என்கிறார் டெஸ்மண்ட் ஸ்டால்வுட்,
செவர்ன் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து,
வாரம் இரண்டு முறை.
அந்தக் காலத்துப் படத்தகடு
நீலம் தவிர மற்றதற்கெல்லாம் குருடு என்கிறேன் நான்.
வானத்தை வெளுக்கும், சிவப்பைக் கரியாக்கும்.
“ஆதாரம்?” என்பார்.
அவருக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனை அது.

போன மார்ச்சில் துப்பு கிடைத்தது:
பிளேக்னிக்கு மேலே, மிஸஸ் ப்ரோபர்ட் பண்ணையில்
சக்கரமில்லாத ஒரு வேகன் உடல்,
உள்ளே இருபத்திரண்டு கோழிகள்.
இரண்டு டஜன் முட்டை வாங்கினால் சுரண்டலாம்
என்பது ஒப்பந்தம்.

பல் காறை எடுக்கும் கொக்கியோடு போனேன்.
மழை. கணுக்கால் வரை எச்சம்.
மேலே தார். அடியில் ஏதோ பச்சை.
அதனடியில் அரசாங்கச் சாம்பல்,
எல்லா வேகனும் ஒரே வேகன் ஆன
வருஷங்களின் சாம்பல்.
அதற்கும் அடியில்
நகக்கண் அளவு
அரக்கு.
செங்கல் இல்லை, குங்குமம் இல்லை,
ஸ்டால்வுட்டின் பெயின்ட் அட்டையில் இல்லவே இல்லை.
பட்டுக் கடையில் கேட்டால்
யோசிக்காமல் எடுத்துப் போடுவார்களே, அந்த அரக்கு.

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம்.
நான்காவது பலகையில் கொக்கி தடுக்கி
மஞ்சள் தட்டியது.
படத்தில் வெறுமையாய் இருந்த இடம் அது.
மஞ்சளும் அந்தத் தகட்டுக்கு இருட்டுதான்;
அரக்கில் எழுதிய மஞ்சள்
கறுப்பில் எழுதிய கறுப்பு.

மூன்று மணி நேரத்தில் ஐந்து எழுத்து,
ஒரு சொல்லின் வால் மட்டும்.
ஆங்கிலத்தில் சிரிப்பும் கசாப்பும் மகளும்
அந்த ஒரே வாலில்தான் முடிகின்றன.
கரி வியாபாரி வேகனில் சிரிப்பை எழுதமாட்டார்.
கசாப்பையும்.

டர்லியும் மகளும்.

அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.
ஐந்நூறிலிருந்து எண்ணத் தொடங்கிய வீம்பு
ஒருவேளை அவளுடையதோ?
கோழிக்கூடு மூன்றில் எது என்றும் தெரியாது:
மூலையில் ஐந்தும் பூஜ்யமும் தெரிந்தன,
கடைசி இலக்கத்தைக் கொத்தித் தின்றுவிட்டன.
படத்துக்கு முன்பே அவள் அங்கிருந்தாளா,
பிறகு வந்து சேர்ந்தாளா,
அதுவும் தெரியாது.
தெரிந்ததுபோல் எழுதமாட்டேன்.

ஆனாலும் ஒற்றை மயிர்த் தூரிகையால்
மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் எழுதினேன்.
மூச்சு விட்டால் கெடும்; விடவில்லை.
காய்ந்ததும்
நீலக் கண்ணாடி ஒன்றைக் கேமரா முன் பிடித்து
கறுப்பு வெள்ளையில் எடுத்தேன்.
மறைந்தாள்.
காப்பகப் படமும் என் படமும்
ஒரே பிரசவத்துப் பிள்ளைகள்.
கண்ணாடியை எடுத்தேன்,
திரும்பி வந்தாள்.

இரண்டு படங்களையும் ஸ்டால்வுட்டுக்கு அனுப்பினேன்.
ஒரு நாள் முழுக்கச் சத்தமில்லை.
பிறகு பதில்:
“நிறம், ஒப்புக்கொள்கிறேன்.
மகள், இருக்கலாம்.
பிரேக் நெம்புகோல் தப்பான பக்கம்.”

அடுப்பில் மிஸஸ் ப்ரோபர்ட்டின் முட்டை
கருகினாலும் பரவாயில்லையென்று
உருப்பெருக்கியைப் போட்டுப் பார்த்தேன்.

தப்பான பக்கம்தான்.