அரை மணித்தியாலம்

மல்லாவிச் சந்தியில, சைக்கிள் கடைக்குப் பின்னால,
அரை மணித்தியாலம் நூறு ரூபா.
மெனு முழுக்க யப்பான் எழுத்து.
பெடியளே பேர் வைச்சாங்கள்:
முதல் பெட்டி ‘கதை’, அடுத்தது ‘சண்டை’.
மூண்டாவதில எதிராளி திருப்பி அடிக்கான்,
நிண்டு வாங்குவான்,
அதுக்கு ‘மொக்கு’.
கடைசிப் பெட்டி தோக்கும்வரைக்கும் முடியாது.
அதுக்கு ஒருத்தரும் பேர் வைக்கேல்லை.

நான் காசு வாங்கி நேரம் பார்க்கிறவன்.
இடக்கை மணிக்கட்டோட நிண்டுபோச்சு.
பிளக் குத்துவன், டிஸ்க் துடைப்பன்,
கொன்ட்ரோலர் மட்டும் ரெண்டு கை கேக்கும்.

மழை. கடையில துளசிகா மட்டும்.
அவளின்ர மின்னல் தேரை
இருபத்தாறாவது பூதத்திட்ட
நாலாந்தரம் செத்தது.
“அண்ணை, அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ.”
ஓம் சொல்லமுதல் பாதியைத் தந்திட்டாள்.

அவள் நடத்த, நான் அடிக்க,
வயர் இறுகி
தேரை போய்ச் சுவரில முட்டிச்சு.
“இடத்தால எண்டனே!”
“எப்ப சொன்னனீர்?”

இருபத்தேழு. இருபத்தெட்டு.
முப்பத்தொண்டில கரண்ட் போச்சு.

இருட்டுக்குள்ள
கொன்ட்ரோலர் இன்னும் ரெண்டு பேரின்ர கையில.
“அம்பதுதான் தருவன்,” எண்டாள்.
“மிச்சம் நீங்கள் விளையாடினது.”