ஆயிரத்து முப்பது

சத்துவாச்சாரி ரெண்டாம் ஃபேஸில்
மாடிப்படிக்குக் கீழே எட்டுக்குப் பத்து அறை, என் லேப்.
காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே
இரும்பு சுடுகிறது.
கத்திரி பிறக்க இன்னும் ஒன்பது நாள்.

வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்
டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டுவார்கள்,
முகத்தைப் பார்க்காமல்.
நானும் பார்ப்பதில்லை.
நிறத்தைப் பார்ப்பேன்.

கண்டக்டர் தணிகாசலத்துடையது
ஆறிப்போன டிகாக்‌ஷன்.
"இன்னாம்மா பண்றது,
குடியாத்தம் போய்த் திரும்பறதுக்குள்ள
பத்து நிமிசம் லேட்டானா டெப்போல கேக்கறான்.
தண்ணி குடிச்சா எங்க எறங்கறது?"
நாற்பது வருட வாழ்க்கையில்
அவருக்கு ரெண்டு முறை கல்.

மேல்விஷாரம் மெஹருன்னிசாவுடையது வெல்லப்பாகு.
ஷூ கம்பெனியில் அவள் லைனில் நூற்றுப் பதினோரு பேர்,
கழிப்பறைக்கு ஒரே டோக்கன்,
அதுவும் சூப்பர்வைசர் சட்டைப்பையில்.
காலையில் நிறைத்துக் கொண்டுபோகும் பாட்டிலை
மாலையில் அப்படியே கொண்டுவந்து
வாசல் மருதாணிக்கு ஊற்றுகிறாளாம்.
செடி நன்றாக இருக்கிறது.
இவள் கையில் நரம்பு கிடைக்காமல்
ரெண்டு இடத்தில் குத்தினேன்.
சர்க்கரை நூற்று இருபத்து நான்கு.
வயது முப்பத்தொன்று.

பட்டையை முக்கி எடுத்து
கட்டங்கள் நிறம் மாறக் காத்திருப்பேன்.
அடர்த்தி: ஆயிரத்து முப்பது.
அதற்கு மேல் அந்தப் பட்டையில் கட்டமே இல்லை.

டிப்ளமோவில் படித்தது கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
நீர் குறைந்தால்
மூளைக்கு அடியில் பட்டாணி அளவுச் சுரப்பி ஒன்று
சிறுநீரகத்துக்குச் சேதி விடும்:
பிடித்து வை, விடாதே.
ரத்தத்தில் போட்ட கடிதத்துக்கு உறை கிடையாது.
போகிற வழியில் கல்லீரலும் படித்துவிடும்.
படித்துவிட்டு,
பஞ்சம்தான் வந்துவிட்டது போல என்று
சேர்த்து வைத்த சர்க்கரை மூட்டையை அவிழ்க்கும்.

எல்லாம் தண்ணீரால்தான் என்று சொல்ல
எனக்குத் தகுதியில்லை.
அப்பா வழி வந்த நோய் உண்டு,
ராத்திரி பத்து மணி பிரியாணி உண்டு,
தூங்காத ஷிப்ட் உண்டு.
ஆனாலும் ரிப்போர்ட்டின் அடியில்
மருந்தெழுத எனக்கு ஒரு வரி விட்டிருந்தால்
எழுதியிருப்பேன்:
கதவு ஒன்று, உள்தாழ்ப்பாளோடு.
தினம் ஆறு வேளை.

போன செவ்வாய் கரண்ட் இல்லை, ஆளும் இல்லை.
என் மாதிரியை நானே முக்கினேன்.
இந்தக் கட்டடத்தில் கழிப்பறை ரெண்டாம் மாடி,
சாவி வீட்டுக்காரம்மாவிடம்.
கேட்கக் கூச்சப்பட்டு
பத்திலிருந்து மூன்று வரை அரை டம்ளர்,
ஐந்து வருடமாக.
பெயர் குமுதவல்லி, வயது நாற்பத்து மூன்று.
பட்டை சொன்னதை
ரிஜிஸ்டரில் எழுதவில்லை.

அன்று சாயங்காலமே மேலே ஏறினேன்.
"வாடகையில அது சேரலியே" என்றார்.
நூற்றைம்பது கூட்டிக் கொடுத்தேன்.
இப்போது சாவி மைக்ராஸ்கோப் பக்கத்தில்
ஆணியில் தொங்குகிறது.
வருகிறவர் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நேற்று மறுபடி மெஹருன்னிசா.
"வெறும் வயித்துல தண்ணி குடிக்கலாமாக்கா?"
எல்லோரும் கேட்பதுதான்.
வெறும் தண்ணீர் குடிக்கலாம், தாராளமாக, என்று
சாவியை முதலில் நீட்டினேன்.
பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.
போய் வந்து ஒரு டம்ளர் குடித்தாள்,
கொஞ்சம் உட்கார்ந்து இன்னொன்று.
இருபது லிட்டர் கேன்
குளுக்கென்று ஒரு பெரிய குமிழியை
மேலே அனுப்பியது.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அரைமணி கழித்துக் கையைக் கட்டினேன்.
முழங்கை மடிப்பில்
தேட வேண்டியிருக்கவில்லை,
நீலமாக ஒன்று
தானாகவே எழுந்து நின்றது.