சரிவு

சதுர அடிக்கு அறுபது,
ஒரு ரூபாய் குறையாது என்றார் டில்லிபாபு.
நாற்பதுக்கு ஒட்டிப்போனவர் கதையை
நாங்கள் சொல்லவில்லை.
ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டுக்
குந்தியபடி பார்த்தார்.
மூலையிலிருந்த ஓட்டையைச் சட்டை செய்யாமல்
அது ஹாலுக்கு வந்தது.

"தண்ணிக்கே வழி தெரியல உங்க வீட்ல."

பைக் சாவியால் தட்டித் தட்டி,
பொக்கென்று பேசிய டைலுக்கெல்லாம்
சாக்பீஸில் பெருக்கல் குறி.
இருபத்திமூன்று.
அப்புறம் மூன்று நாள் தூசி,
தயிர்சாதத்திலும் சிமெண்ட் வாசனை.

நான்காம் நாள் மாலை
கதவுக்குக் குறுக்கே பலகை சாத்தினார்:
"நாளைக்கு இந்நேரம் வரைக்கும்
யாரும் கால் வெக்கக்கூடாது."

இருப்பதே ஒரு பாத்ரூம்.

வண்டி நிறுத்தும் சண்டையில்
ஆடியிலிருந்து பேச்சில்லாத
எதிர் ஃபிளாட் கோமளாவின் கதவை
விடிகாலை ஐந்தரைக்குத் தட்டினேன்,
கையில் சொந்த வாளியோடு.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
லைட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டாள்.

உள்ளே
ஓட்டைக்கு நேரெதிர் மூலையில்
நேற்றைய தண்ணீர்
அப்படியே கிடந்தது.

வெளியே வந்து
வாளியைக் கீழே வைக்காமலே
டில்லிபாபுவின் நம்பரைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டவள்
கொளத்தூர் முழுக்கக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்:
"கொஞ்சம் குறைப்பாரா?"

"மாட்டார்" என்றேன்.