இரட்டிப்புக் கட்டணம்

முதல் நாள் பெயர் கேட்டேன்.
ஏழு பெயர் சொன்னாள்.
படிவத்தில் கட்டமோ ஒரு விரற்கடை.
"தியோடலிண்டா போதும்," என்றாள்,
"மற்றதெல்லாம் எனக்கே மறந்துபோகும்."

ஓர்த்தா துறைமுகத்து அஞ்சல் எழுத்தர் நான், ஸுல்மிரா.
திமிங்கில எண்ணெய் காய்ச்சும் நாளில்
இங்கே கடிதங்களும் நாறும்.
கால்வாய்க்கு அப்பால் பீக்கோ மலை
தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை.
பேரரசியாம், நாடு கடத்திவிட்டார்களாம் என்று
ஊர் ஒரு மாதம் எட்டிப் பார்த்தது.
பிறகு மாவு விலை ஏறிவிட்டது.

பதினைந்து நாளுக்கொரு கப்பல்.
மறுநாள் காலை வருவாள்,
கையுறைக் கிழிசலை மற்றக் கையால் மூடியபடி.
"ஏதாவது?"
"இல்லை, சீமாட்டி."
"சரி," என்பாள்,
யாரையோ மன்னித்து அனுப்புவதுபோல.

நான்காம் ஆண்டு ஒன்று வந்தது.
தவிட்டு நிற உறை. மூலையில் அவளே:
இருபத்திரண்டு வயது, முத்துக் கிரீடம்,
மூக்கு சற்று நீளம். செதுக்கியவன் பொய் சொல்லவில்லை.
அந்தத் தலை இனிச் செல்லாதென்று
அவள் நாட்டின் புதிய அரசு எப்போதோ அறிவித்துவிட்டது.
விதி எனக்கு மனப்பாடம்:
செல்லாத தலைக்கு இரட்டிப்புக் கட்டணம்,
பெறுபவர் கட்ட வேண்டும்.

சொல்ல நா எழவில்லை. சொன்னேன்.
உறையைத் திருப்பித் தன்னைப் பார்த்துக்கொண்டாள்.
"என் முகத்துக்கு எனக்கே அபராதமா?"
அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.
"இதை ஒட்டும் துணிச்சல் இன்னும் ஒருவருக்கு இருக்கிறதே!"
எண்பது சென்டாவோ. அவளிடம் அறுபது.
மீதியை நான் போட்டேன்.

நின்றபடியே பிரித்தாள்.
ஒற்றைத் தாள், பென்சில் எழுத்து.
படித்தாள். முதல் வரிக்குப் போய் மறுபடி படித்தாள்.
பிறகு என்னிடமோ, மர மேடையிடமோ,
எங்கள் மொழியில் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள்:

'என் மகன் ஓட்மர். உப்புச் சுரங்கத்து வேலைநிறுத்தத்தில் இருந்தவன்.
நாற்பது பேர் பட்டியலில் முப்பத்தொன்று.
அடியில் உங்கள் கையெழுத்து.
எங்கே புதைத்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.
வீட்டில் வேறு தபால்தலை இல்லை.'

அன்று மலை முழுதாகத் தெரிந்தது.
அது ஏன் நினைவில் நிற்கிறதோ.

எழுதத் தாள் கேட்டாள்.
கதவு சாத்தும்வரை உட்கார்ந்திருந்தாள்.
வெற்றுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
அதற்கும் காசு கொடுத்தாள்.

அதன்பின் "ஏதாவது?" என்று கேட்டதே இல்லை.
எண்பது சென்டாவோவை எண்ணி வைத்துவிட்டுத்தான் நிமிர்வாள்.
ஆண்டுக்கொரு கடிதம், பதினோரு ஆண்டு,
அதே தவிட்டு உறை, அதே கிரீடம்.
பென்சில் எழுத்து மட்டும்
ஆண்டுக்காண்டு இறக்கத்தில் சரிந்தது.

பன்னிரண்டாம் ஆண்டு வரவில்லை.
காசை வைத்தாள். தள்ளினேன். மறுபடி வைத்தாள்.
அந்தக் குளிர்காலம்தான் அவள் எழுதினாள்;
பதிவுத் தபால், அரக்கில்லை, முத்திரையில்லை.
எட்டு மாதம் கழித்துத் திரும்பியது:
'பெறுநர் இல்லை.'
அப்போது அனுப்புநரும் இல்லை.
திராட்சைத் தோட்டத்து மேட்டில்
கறுப்புக் கற்களுக்கிடையே படுத்திருந்தாள்.

முப்பது ஆண்டு போயிற்று.
அவள் நாட்டுக்கு மறுபடி மனம் மாறியது.
நான்கு பேர் வந்தார்கள், கொடியும் ஈயப் பெட்டியுமாக.
எலும்பை அள்ளினார்கள், பாடினார்கள்,
குழியை அப்படியே விட்டுப் போனார்கள்.
பக்கத்து நிலத்து வெனான்சியோ அதில் கோசு நட்டான்.
நன்றாகவே வந்தது.

போகுமுன் என் வீட்டுக் கதவையும் தட்டினார்கள்.
"அம்மையார் ஏதாவது விட்டுச் சென்றாரா?"
"இல்லை, சீமான்," என்றேன்.
பணியில் நான் சொன்ன பொய் அதுவல்ல;
ஓய்வுபெற்றுப் பல காலம்.

மறுநாள் அந்த உறைமேல்
இருந்த முகவரியை அடித்துவிட்டு எழுதினேன்:
'உப்புச் சுரங்கத்து நாற்பது வீடுகளில்
எந்த வீட்டுக்காவது.'
செல்லும் தலையாகப் பார்த்து ஒட்டினேன்.
உள்ளே என்னவென்று எனக்குத் தெரியாது.
ஓர் இடத்தின் பெயராக இருக்கட்டும்.